அந்தக் கதவைச் சாத்தியது காற்றல்ல

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்குகிற அளவுக்கு எனக்கு இப்போது பொறுமை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அம்மா, இந்த வின்ரர் குளிருக்கும் நாங்கள் இஞ்சை மலைவீட்டிலைதான் இருக்கப் போறம், பிள்ளையோடை" என்று சொன்னாய். கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னாய். நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு அப்பா சமையலறைக்கு வந்தபோது, வெங்காயத்தை வெட்டாமல் கத்தியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேனாம். "ஆரைக் குத்தப் போறாய்?" என்று கேட்டார். "உங்கடை மகனை" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரிலும் போடக் கொடுப்பேன். பயப்படாதே, யாருடைய பெயரும் இருக்காது. ஆனால் இந்த ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனிலும் டோர்ட்மண்டிலும் கரண்ட் இல்லாத தோட்டத்து வீடுகளுக்குள் பெற்றோல் எஞ்சினை ஓடவிட்டுப் பிறந்தநாள் கொண்டாடுகிற நம்மவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களும் வாசிக்கட்டும். தமிழ் வாசிக்க மறந்துபோச்சு என்று நீ சாட்டுச் சொல்லாதே. எட்டாம் வகுப்பு வரை யாழ்ப்பாணத்தில் படித்தவன் நீ. ஆறுதலாக இருந்து, ஒரு வரி விடாமல் வாசி.

நீயும் கத்ரினும் கல்யாணம் முடித்த கையோடு மலைப்பக்கம் போய் அந்தப் பழைய வீட்டை வாங்கினீர்கள். மின்கம்பி அந்த வீடு வரைக்கும் வரவில்லை. நூற்றைம்பது மீற்றர் கீழே, பண்ணைக் கிழவரின் வீட்டோடு நின்றுவிட்டது. அதை மேலே இழுக்க விண்ணப்பம் போடு என்று அப்பா சொன்னார். "வேண்டாமப்பா, எங்கடை கரண்டை நாங்களே எடுப்பம். ஒருத்தரிலையும் தங்கியிருக்கத் தேவையில்லை" என்றாய். கூரையில் சோலார் தகடுகளைப் பூட்டினாய். பாரம் தூக்கும் வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய பற்றரிகள் பன்னிரண்டை நிலவறையில் வரிசையாக வைத்தாய். பொய் சொல்லக் கூடாது, நானும் பெருமைப்பட்டேன். வெயில் காலத்தில் உன் வீட்டுக்கு வந்து, சூரியனில் அரைத்த சம்பல் இது என்று சிநேகிதிமாருக்குப் போன் எடுத்துச் சொன்னவள்தான் நான்.

நவம்பர் வந்தது. சூரியன் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. அந்தப் பள்ளத்தாக்கில் பனிப்புகார் இறங்கினால் பத்து நாளானாலும் எழும்பாது. தகடுகள் சும்மா கிடந்தன. பற்றரியை அரைவாசிக்குக் கீழே இறங்க விடக்கூடாது, விட்டால் செத்துப்போகும் என்று நீதான் எனக்குப் படிப்பித்தாய். அதனால் ஒரு ஜெனரேற்றரை வாங்கிக் கொல்லைப்புறத்தில் தகரத்துக்குக் கீழே வைத்து ஓட்டினாய். முதல் பாதி கெதியாக ஏறிவிடும், கடைசிக் கொஞ்சம் ஏறத்தான் மணித்தியாலக் கணக்கில் எடுக்கும், இடையில் நிற்பாட்டினாலும் பற்றரி பழுதாகும் என்றாய். ஆக, மூன்று நாளைக்கு ஒரு தடவை பனியில் வழுக்கி வழுக்கிக் காரோட்டிப் போய்ப் பெற்றோல் கானை நிரப்பிக்கொண்டு வந்தாய். ஒரு கம்பியில் தங்கியிருக்க மாட்டேன் என்றவன் ஒரு கானுக்கு அடிமையானாய். அதை நான் கேட்டபோது, "உங்களுக்கு விளங்காதம்மா" என்றாய். எனக்கு நன்றாகவே விளங்கியது, தம்பி. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பிழை.

இன்னொன்றும் சொன்னாய். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறுகிறது. "நாங்கள் கரண்ட் இல்லாமல்தானே அம்மா வளர்ந்தனாங்கள்" என்றாய், கத்ரினுக்கு முன்னால், ஏதோ அழகான கதை போல. சைக்கிளைக் கவிட்டு வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டதை அவளுக்கு நடித்துக் காட்டினாய். அவளும் கைதட்டினாள். அந்த ரேடியோவில் நாங்கள் என்ன கேட்டோம் என்று அவளுக்குச் சொன்னாயா? எந்தெந்த இடத்தில் குண்டு விழுந்தது, யார் யார் செத்தது என்றுதான் கேட்டோம். மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கில் படித்து விடியக்காலையில் உன் மூக்கைத் துடைத்தால் துணி கறுப்பாக வரும். அப்பா இங்கே அகதியாக இருந்தார், நான் அங்கே உன்னோடு தனியாக இருந்தேன். ஒரு நாளும் அதை நான் விரும்பி வாழவில்லை. இங்கே வந்த முதல் நாள், நாங்கள் தங்கியிருந்த விடுதியில் நீ சுவிட்சைப் போட்டும் அணைத்தும் விளையாடினாய். பராமரிப்புக்காரன் வந்து கத்தும்வரை நீ நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த வெளிச்சத்தை உன் பிள்ளைக்கு நீ ஏன் மறுக்கிறாய்?

அந்தப் பராமரிப்புக்காரன் கத்தியது உன்னைவிட எனக்குத்தான் ஆழமாக விழுந்தது. சத்தம் போடக்கூடாது. இந்த நாட்டில் நான் படித்த முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான். மத்தியானத்தில் சத்தம் கூடாது, பத்து மணிக்குப் பிறகு குளிக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது. மேல்வீட்டுக்காரி ஒருமுறை கதவைத் தட்டியதிலிருந்து பதினைந்து வருடமாக நான் மிக்சியைத் துவாயால் சுற்றி, மடியில் வைத்து அமத்திக்கொண்டுதான் அரைக்கிறேன். ஒருத்தரும் எங்களைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. இதை உனக்கும் ஊட்டி வளர்த்தேன். இப்போது எழுதப் போவதற்கு இது தெரிய வேண்டும்.

போன தைப்பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நானும் அப்பாவும் வெள்ளியே உன் வீட்டுக்கு வந்துவிட்டோம். கத்ரினுக்கு நாலாம் மாதம். வெளியே முற்றத்தில் பொங்க வேண்டும் என்று ஆசையோடு பானை கொண்டுவந்தேன். பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சரி, குசினியிலேயே பொங்குவோம் என்றேன். அப்போது நிலவறையில் பற்றரிகளோடு பூட்டிய எச்சரிக்கைப் பெட்டி கீச்சிடத் தொடங்கியது. பற்றரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நீ ஜெனரேற்றரை ஓடவிடப் போனாய். நான் மறித்தேன்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையடா. கீழ்வீட்டுக் கிழவன் திரும்பவும் ஏறி வரப்போறான். உள்ளுக்கை கொண்டுவந்து ஓட்டு."

"ஏலாதம்மா. புகை கூடாது."

"மாட்டுக்கொட்டிலுக்கை வை. கதவைத் திறந்து விட்டால் புகை போயிடும். நல்ல நாளும் பெருநாளுமாய் எனக்கு அவனிட்டைப் பேச்சு வாங்க ஏலாது."

கிழவர் நவம்பரில் ஒருமுறை ஏறிவந்தது பற்றி நீதான் எனக்குப் போனில் சொல்லியிருந்தாய். சத்தத்துக்காக வந்தார் என்றாய். அதனால்தான் எனக்கு அந்தப் பயம். நீ கொல்லைப்புறத்துக்குப் போனாய். பிறகு வீட்டோடு ஒட்டி, குசினிக்கு உள்கதவு இருக்கிற பழைய கொட்டிலுக்குள் அந்த எஞ்சினை இழுத்து வைத்தாய். அது எவ்வளவு பிழை என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். வெளிக்கதவை அகலத் திறந்து, கீழே ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, தகடுகளில் கிடந்த பனியைத் தள்ள அப்பாவோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டின் முன்பக்கம் போனாய்.

குசினியில் நான் பாலை வைத்தேன். சாமிப்படத்துக்குச் சாம்பிராணி போட்டேன். அதனால் வேறு எந்த மணமும் எனக்குத் தெரியவில்லை. கத்ரின் மேசையில் முந்திரிகை வற்றல் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையிடிக்கிறது என்றாள். பிறகு சத்தி எடுத்தாள். மசக்கை என்று நினைத்தேன். உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது ஏழாம் மாதம் வரைக்கும் சத்தி எடுத்தவள் நான், எனக்குத் தெரியாததா? இஞ்சி இடித்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். குசினிக்கு அடுத்த அறையில் படுக்க வைத்தேன். எனக்கும் தலை இடித்தது. படையல் முடியும்வரை தேத்தண்ணி குடிக்காததால் வந்த தலையிடி என்று நினைத்தேன்.

இனி நான் எழுதுவது உனக்குத் தெரியாதது. கத்ரின் கட்டிலில் கிடந்து, "சத்தம், அம்மா, சத்தம்" என்று நெற்றியைப் பிடித்தாள். அந்த எஞ்சின் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. திறந்த கதவால் சத்தம் வெளியே போகிறது, கிழவருக்கும் கேட்கும் என்று எனக்கு வேறு யோசனை. நான் கொட்டிலுக்குள் போனேன். அந்தக் கல்லைக் காலால் தள்ளினேன். வெளிக்கதவைச் சாத்தினேன். கொழுக்கியும் போட்டேன். சத்தம் குறைந்தது. நல்ல வேலை செய்தேன் என்று திரும்பிவந்து பானையைக் கிண்டினேன்.

கிழவர் ஏறிவந்ததை நீ பார்த்தாய். ஏசத்தான் வருகிறார் என்று நானும் குசினி யன்னலால் பார்த்துச் சபித்தேன். அவர் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார். வெளியே போ, எல்லாரும் வெளியே போ என்று கத்தினார். எனக்கு விளங்கிய ஜெர்மன் அவ்வளவும் அன்றைக்கு அந்த ஒரு சொல்தான். அவர் என்னைத் தோளில் பிடித்து முற்றத்தில் தள்ளிவிட்டு உள்ளே போய், கத்ரினைத் தூக்கிக்கொண்டு வந்து பனியில் கிடத்தினார். அவளுடைய முகத்தை நான் எழுத மாட்டேன். நீயும் பார்த்தாய்.

எஞ்சின் புகையின் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பைத் தேடித் தேடி ஒரு தாதி கருவியைக் கத்ரினின் வயிற்றில் நகர்த்திக்கொண்டேயிருந்தாள். கேட்டது. துடித்தது. நீ நடைபாதையில் நிலத்தில் இருந்து அழுதாய். நீ கண்டது சாத்தியிருந்த கதவை மட்டும்தான், உள்ளே போட்டிருந்த கொழுக்கியை அல்ல. "சின்னக் கல் வைச்சிட்டன் அம்மா. பெரிய கல்லாய் வைச்சிருக்க வேணும். காத்துச் சாத்திப்போட்டுது" என்றாய். நான் உன் தலையைத் தடவினேன். "அழாதை ராசா, காத்துக்கு ஆர் என்ன செய்யிறது" என்றேன்.

காற்று இல்லை, தம்பி. நான்.

பிள்ளை பிறந்து, அது நல்லாயிருக்கிறது என்று டொக்டர்மார் சொன்ன பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ அந்தக் கல்லை மனதில் சுமந்துகொண்டு திரிவதைப் பார்த்தும் சொல்லவில்லை. கத்ரின் பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போகிறபோதெல்லாம் என் கையைப் பார்ப்பேன். கொழுக்கி போட்ட கை இது. இந்தக் கையில்தானே தருகிறாள் என்று நினைப்பேன். சொன்னால் தரமாட்டாள் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன். உன்னில் எனக்கிருக்கிற கோபத்தில் பாதி என்னில் இருக்கிற கோபம். அதையும் நீ தெரிந்துகொள்.

மீதிப் பாதி முழுக்க முழுக்க உனக்குச் சொந்தமானது. போன புதன்கிழமை உனக்குச் சொல்லாமல் ரயிலும் பஸ்ஸும் பிடித்து உன் வீட்டுக்கு வந்தேன். காலில் விழுந்தாவது இந்த வின்ரரில் பிள்ளையை அங்கே வைக்காதே என்று கேட்கத்தான் வந்தேன். நீங்கள் வீட்டில் இல்லை. திரும்பி இறங்கும்போது கிழவர் பாதையில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். வழமைபோல் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தேன். அவர் தும்புத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளை எப்படி என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்படி ஆறுதலாகக் கதைத்தார். இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம், அடைபட்ட புகை ஆளைக் கொல்லும் என்று அங்கே கண்டவராம். அன்றைக்கு வெளியே கேட்க வேண்டிய எஞ்சின் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து கேட்டதாம், அதனால்தான் ஓடிவந்தாராம். பிறகு, "உங்கள் மகன் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறானா?" என்று கேட்டார்.

"என்ன வேண்டாம்?" என்றேன்.

அவருடைய கொட்டகையில் பால் கறக்கிற இயந்திரத்துக்காகப் போட்ட பெரிய மின் இணைப்பு சும்மா கிடக்கிறதாம். மாடுகளை எப்போதோ விற்றுவிட்டாராம். ஒரு கேபிளை இழுத்துக்கொண்டு போய்ப் பற்றரியை ஏற்றிக்கொள், இருட்டு மாதங்களில் எஞ்சின் வேண்டாம் என்று சொல்லத்தான் நவம்பரில் அவர் உன் வீட்டுக்கு ஏறிவந்தாராம். சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. அந்தச் சத்தம் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லையாம். நீ, நன்றி, வேண்டாம் என்று சொல்லிக் கதவடியில் வைத்தே அனுப்பிவிட்டாயாம். ஆஸ்பத்திரியால் வந்த பிறகும் கேட்டாராம். அப்போதும் வேண்டாம் என்றாயாம்.

பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை. அந்தத் தரிப்பிடத்தில் இருந்து அடுத்த பஸ் வரும்வரை உன்னை வாயில் வந்தபடி பேசினேன். பக்கத்தில் இருந்த பொடிச்சி எழும்பித் தள்ளிப்போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த நாட்டில் சத்தம் போட்டேன்.

ஏன்ரா எனக்குப் பொய் சொன்னாய்? சத்தத்துக்கு வந்தார் என்று நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் எஞ்சினை உள்ளே கொண்டுவரச் சொல்லியிருப்பேனா? கதவைச் சாத்தியிருப்பேனா? ஒரு மனிதன் கூப்பிட்டுக் கொடுத்த உதவியை வேண்டாம் என்றதை அம்மாவிடம் சொல்ல வெட்கம். அதை மூட அந்த மனிதனையே கெட்டவனாக்கினாய். உன் மனைவியும் வயிற்றுப்பிள்ளையும் பனியில் கிடந்த பிறகும் உனக்கு ஒரு கேபிளை வாங்க மனம் வரவில்லை. இப்போது புகை மணி வாங்கிப் பூட்டியிருக்கிறேன், புதுப் பெரிய ஜெனரேற்றர் வாங்கியிருக்கிறேன், வெளியேதான் வைப்பேன், எல்லாம் பாதுகாப்பு என்கிறாய். அந்த மணியும் பற்றரியில் ஓடுவதுதானே? மூன்று மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள். புகார் பத்து நாள். பாதை பனியால் மூடிக்கிடக்கிறது. கானில் பெற்றோல் முடிந்துவிட்டது. அப்போதும் வேண்டாம் என்பாயா? இதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை. வீம்பு.

அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று இந்த நாலு நாளாக யோசித்தேன். உனக்குப் பதின்மூன்று வயது. ஆறு மாதத்தில் நீ ஜெர்மன் பிடித்துவிட்டாய், எனக்கும் அப்பாவுக்கும் நாக்கு வளையவில்லை. அலுவலகங்களில் நேரம் குறித்துத் தருகிற ஒவ்வொரு தெர்மினுக்கும் உன்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உன் கையால் எழுதவைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என்னைப் பார்க்கமாட்டாள். உன்னைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுவாள். நான் பின்னால் நின்று, "நல்லாக் கேள், பணிவாய்க் கேள்" என்று உன் முதுகில் விரலால் இடிப்பேன். கட்டிலுக்குக் கேட்டாய், குளிர்ச் சப்பாத்துக்குக் கேட்டாய், என் பல்வலிக்குக் கேட்டாய். ஒருநாள் திரும்பி வரும்போது ட்ராமில், "அம்மா, வளர்ந்தாப்பிறகு நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்க மாட்டன்" என்றாய். கெட்டிக்காரன் என்று உன்னை மெச்சினேன். அன்றைக்கே உன்னை இழுத்து வைத்து, அது உன் வேலை இல்லையடா, என் வேலை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் வாயால் எங்கள் வீட்டுக்கான கெஞ்சல் முழுவதையும் கெஞ்ச வைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதற்காக என் பேத்தியை உன் வீம்புக்குத் தரமாட்டேன்.

சனிக்கிழமை காலை முதல் ரயிலில் வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல, கீழே கிழவரின் வீட்டுக்கு. இந்த ஒன்பது மாதத்தில் நாங்கள் ஒருத்தரும் அந்த மனிதனுக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, அதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு கேபிளைக் கேட்பேன். எத்தனை மீற்றர், எவ்வளவு தடிப்பு, எதற்குள்ளால் புதைக்க வேண்டும் என்று அப்பா ஒரு தாளில் கீறித் தந்திருக்கிறார். நீ மொழிபெயர்க்க வர வேண்டாம். என் ஜெர்மன் பிழையாகத்தான் இருக்கும். அவருக்கு விளங்கும்வரை நின்று சொல்வேன்.

இந்தக் கடிதத்தைக் கத்ரினுக்கு நீ வாசித்துக் காட்டாதே. கீழே அலுவல் முடிந்ததும் மேலே ஏறி வந்து, கொழுக்கி போட்டது நான்தான் என்று அவளுக்கு என் வாயால் சொல்லுவேன். அதைக் கேட்ட பிறகு பிள்ளையை என் கையில் தருவதா இல்லையா என்று அவள் முடிவெடுக்கட்டும். அவள் தராவிட்டால், எனக்காக நீ அவளிடம் ஒரு சொல்லும் கேட்கக் கூடாது.

அம்மா